தொலைவழிச் சட்டக் கல்வியும் வக்காலத்துத் தகுதியும்

சென்ற ஆண்டு ஷவ்வால் மாதம், கல்லூரி திறந்த மறு வாரம், நம்மிடம் ஏழாண்டுகள் ஓதி ஆலிம் சனது பெற்ற ஒருவர் நம்மைக் காண வந்தார். இருபத்தெட்டு வயதினர், சிற்றூர்ப் பள்ளிவாசல் ஒன்றில் இமாமாக இருப்பவர். அவர் கையில் ஒரு கோப்பு இருந்தது. அதனுள் கெட்டித் தாளில் அச்சிட்ட சட்டப் பட்டம் ஒன்று. வெளிநாட்டு நிறுவனமொன்று இணையவழியே மூன்றாண்டுகள் நடத்தி வழங்கியது. இஷாத் தொழுகை முடிந்து ஊர் அடங்கிய பின்னர்க் கைப்பேசியில் பாடங்களைக் கேட்டு, ஆங்கில அகராதியை மடியில் வைத்துக்கொண்டு கட்டுரைகள் எழுதி, தேர்வுகளையும் அவ்வாறே வீட்டிலிருந்து எழுதித் தேறியிருக்கிறார். ஊதியத்தில் பெரும்பகுதி கட்டணமாகப் போயிருக்கிறது. மனைவியின் காதணிகளும் அதில் அடக்கம் எனப் பின்னர் அறிந்தோம்.

"ஹஜ்ரத், வக்கீலாகப் பதிவு செய்யப் போனேன். இந்தப் பட்டம் செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சேரும்போது இந்தியாவிலும் செல்லும் என்றுதானே விளம்பரத்தில் இருந்தது?" என்றார்.

நமக்கு அப்போது விடை தெரியவில்லை. பதினைந்து நாள் கழித்து வருமாறு கூறி அனுப்பிவிட்டு, வழக்கறிஞரான நண்பர் ஒருவரின் துணையோடு உரிய விதிகளை எடுத்துப் படித்தோம். அதன் பிறகு இதே கேள்வியுடன் வேறு சிலரும் நம்மை அணுகினர். வளைகுடாவில் பணிபுரியும் ஒருவர், இல்லத்திலிருந்தபடியே படிக்க விரும்பும் பெண்மணி ஒருவர், தம் மகனுக்காகக் கேட்ட முதவல்லி ஒருவர். ஆதலின் படித்து அறிந்தவற்றை இங்கு எழுதுகிறோம்.

வழக்கறிஞர்கள் சட்டம் 1961-இல் இயற்றப்பட்டது. யார் வழக்கறிஞராகப் பதிவு பெறலாம் என்பதை அதன் 24-ஆம் பிரிவு வரையறுக்கிறது. இந்தியக் குடியுரிமை, 21 வயது நிறைவு ஆகியவற்றோடு, இந்திய பார் கவுன்சில் ஏற்றுக்கொண்ட சட்டப் பட்டமும் வேண்டும். இம்மூன்றாவது நிபந்தனையில்தான் நம் மாணவரின் கோப்பு சிக்கிக்கொண்டது. எந்தப் பட்டத்தை ஏற்பது என்பதைப் பார் கவுன்சில் 2008-ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகளில் விரித்துரைத்துள்ளது. ஏதேனும் ஒரு பட்டம் பெற்ற பின் பயிலும் மூன்றாண்டுப் படிப்பு, மேல்நிலைக் கல்விக்குப் பின் பயிலும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு என இரண்டே வழிகள். இரண்டுமே 'முறையான படிப்பாக' இருத்தல் வேண்டும். அச்சொல்லுக்கு அவ்விதிகள் இலக்கணமும் தருகின்றன: நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமலும், இடைவேளை அரை மணி நேரம் தனியாகவும், வாரத்துக்கு 30 மணி நேரத்துக்குக் குறையாமலும் வகுப்பு நடைபெற வேண்டும். ஒரு பருவம் என்பது 15 வாரங்களுக்குக் குறையலாகாது. ஒவ்வொரு பாடத்திலும் வகுப்புகளில் 70 விழுக்காடு வருகை கட்டாயம்; தக்க காரணம் இருப்பின் ஒரு பாடத்தில் 65 வரை தளர்த்தலாம், ஆயினும் மொத்தத்தில் 70 இருந்தாக வேண்டும்.

இவை தவிர, மாதிரி நீதிமன்றத்தில் வாதாட வேண்டும். உரிமையியல் வழக்கொன்றையும் குற்றவியல் வழக்கொன்றையும் நீதிமன்றத்தில் அமர்ந்து கவனித்துக் குறிப்பு எழுத வேண்டும். மூன்றாண்டுப் படிப்பாயின் மொத்தம் 12 வாரங்கள், ஐந்தாண்டுப் படிப்பாயின் 20 வாரங்கள் களப்பயிற்சி பெற வேண்டும். வகுப்புகள் காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் நடத்தப்பட வேண்டும் என்ற விதியால், அலுவலகம் முடிந்து இரவில் சட்டம் பயின்ற பழைய தலைமுறையின் வழியும் அடைபட்டது. நம் ஊர்களில் எழுத்தராகவும் ஆசிரியராகவும் இருந்துகொண்டே சட்டம் பயின்று வக்கீலான பெரியவர்கள் எத்தனையோ பேர் இருந்தனர். அவர்களை இன்றைய விதி உள்ளே விட்டிராது.

பல்கலைக்கழக மானியக் குழுவும் இதே நிலையில்தான் உள்ளது. திறந்தநிலை, தொலைநிலை, இணையவழிப் படிப்புகளுக்காக 2020 செப்டம்பரில் அது வெளியிட்ட ஒழுங்குமுறை விதிகளின்படி, மருத்துவம், பொறியியல், செவிலியம் முதலியவற்றோடு சட்டமும் அவ்வழிகளில் நடத்தத் தடை செய்யப்பட்ட துறைகளுள் ஒன்று. முதுநிலைச் சட்டப் பட்டத்தையும் தன் ஒப்புதலின்றி இணையவழியில் நடத்தலாகாது என்று பார் கவுன்சில் 2025 ஜூனில் எச்சரித்தது.

அப்படியாயின் வெளிநாட்டுப் பட்டம்? அதற்கும் அதே 2008 விதிகளில் இடம் உண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற இந்தியக் குடிமகனின் பட்டத்தை ஏற்கலாம். ஆனால் அப்பல்கலைக்கழகம் பார் கவுன்சிலின் ஏற்புப் பெற்றதாக இருக்க வேண்டும், மூன்றாண்டோ ஐந்தாண்டோ முறையாகப் பயின்றிருக்க வேண்டும், அதன்பின் இந்தியச் சட்டங்களில் பார் கவுன்சில் நடத்தும் தகுதித் தேர்விலும் தேற வேண்டும். 'முறையாகப் பயின்று' என்னும் அவ்விரு சொற்களை அந்த விளம்பரம் சொல்லாமல் விட்டுவிட்டது. பொய் சொன்னதா என்றால், 'இந்தியாவில் வெளிநாட்டுப் பட்டம் ஏற்கப்படுகிறது' என்றுதான் எழுதியிருந்தது. எழுதியது உண்மை, எழுதாமல் விட்டதில்தான் ஏமாற்று. வியாபாரத்தில் குறையை மறைத்து விற்பதைப் பற்றி ஃபிக்ஹ் நூல்களில் நாம் ஓதிய பாடம் கல்வி வியாபாரத்துக்கும் பொருந்தும் போலும்.

சட்டப் பட்டம் பெற்றவுடன் எல்லாம் முடிந்ததாகவும் கொள்ளலாகாது. 2011 முதல் அகில இந்திய பார் தேர்வு நடைபெற்று வருகிறது. அதை நடத்தப் பார் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு என்று உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2023 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அத்தேர்வை எழுதித் தேறிவிட்டால் பட்டத்தின் குறை நீங்கிவிடும் எனச் சிலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. அது பட்டத்துக்கு மேலான தேர்வே தவிரப் பட்டத்துக்கு மாற்று அன்று.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்கத் தோன்றும். அதற்கு முன் நம் தமிழ் நீதிமன்றச் சொற்கள் சிலவற்றைக் கவனிப்போம். நவாபுகளின் ஆட்சிக் காலத்து அலுவல் மொழி வழியே வந்து நம் சிற்றூர்வாசியின் நாவிலும் நிலைத்துவிட்ட அரபுச் சொற்கள் அவை. தாவா என்பது 'தஃவா'. ஜாமீன் என்பது 'ழாமின்'. ஜப்தி 'ழப்த்' என்பதிலிருந்து வந்தது. ரத்து 'ரத்'. முன்சீப் 'முன்ஸிஃப்', அதாவது நீதி வழங்குபவர். மகஜர் 'மஹ்ழர்'. வக்கீல் என்பவர் 'வகீல்'. பிறரின் பொறுப்பை ஏற்றவர். அவர் தாக்கல் செய்வது வக்காலத்து. அவர் நீதிபதியின் முன் செய்வது ஆஜராதல். அது 'ஹாழிர்', நேரில் இருப்பவர் என்னும் பொருளது. இச்சொற்களிலேயே விடையின் ஒரு பகுதி உள்ளது. வகாலத் என்பது அறிவு அன்று. ஒருவர் மற்றொருவர்க்குத் தரும் பொறுப்பு. தெருவில் செல்லும் ஏழை ஒருவர் தம் வீட்டுப் பத்திரத்தையும் மானத்தையும் ஒருவர் கையில் கொடுக்கிறார். அந்தக் கை பயிற்சி பெற்ற கைதானா என்பதைப் பார்ப்பது அரசின் கடமை. இது பட்டத்தைக் கடந்த ஒரு காரியம்.

இவ்வேறுபாடு நம் மரபுக்குப் புதிதன்று. ஹதீஸ் கலையின் இலக்கணத்தை ஒழுங்குபடுத்திய இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ், மறைவு ஹி. 643) ஓர் அறிவிப்பை ஆசிரியரிடமிருந்து பெறும் வழிகளை எட்டாக வகுத்தார். ஆசிரியரின் வாயால் கேட்பது முதலாவது. ஆசிரியர் முன் மாணவர் வாசித்துக் காட்டுவது இரண்டாவது. பின்னர் இஜாஸா, முனாவலா எனத் தொடர்ந்து ஐந்தாவதாக 'முகாத்தபா' வருகிறது. தொலைவில் உள்ள மாணவர்க்கு ஆசிரியர் எழுதி அனுப்புவது அது. இன்றைய சொல்லில் அஞ்சல்வழிக் கல்வி. ஆசிரியரின் கையெழுத்து என்பது உறுதிப்பட்டால் அது செல்லும் என்பதே பெரும்பான்மையோர் கருத்து. இமாம் புகாரீ (ரஹ்) தம் தொகுப்பின் கல்வி பற்றிய பகுதியில், அறிஞர்கள் பல ஊர்களுக்குக் கல்வியை எழுதி அனுப்புவது குறித்து ஒரு பாடத்தையே அமைத்துள்ளார். ஆகவே, தொலைவிலிருந்து கற்பது கல்வியே அன்று எனக் கூறுவோர்க்கு நம் மரபில் ஆதாரம் கிடைக்காது.

எட்டாவது வழி 'விஜாதா'. ஒருவரின் ஏட்டை எங்கோ கண்டெடுத்து அதிலிருந்து படிப்பது. இங்குதான் நம் முன்னோர் கோடு கிழித்தனர். அவ்வாறு படித்தவர் "இன்னாரின் எழுத்தில் கண்டேன்" என்று கூறலாம். "இன்னார் எனக்கு அறிவித்தார்" என்று கூறலாகாது. படித்ததன்படி நடக்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தபோதும், பிற்காலத்தில் அதைத் தவிர வேறு வழியில்லை என்று இப்னுஸ் ஸலாஹே ஒப்புக்கொண்டார். கற்றதை மறுக்கவில்லை, கற்ற வழியை மாற்றிச் சொல்வதைத்தான் மறுத்தனர்.

கடிதம் வழியே சட்டம் போதித்ததற்கும் புகழ்பெற்ற சான்று உண்டு. நீதி வழங்கும் முறை பற்றி உமர் (ரலி) அவர்கள் அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதியதாக அறியப்படும் மடல் அது. வாதிக்குச் சான்று, மறுப்பவர்க்குச் சத்தியம் என்பதும், இரு தரப்பாரையும் பார்வையிலும் அமர்விலும் சமமாக நடத்த வேண்டும் என்பதும் அதில் அடங்கியுள்ளன. அதன் அறிவிப்புத் தொடர் குறித்து விவாதம் இருப்பினும், இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) தம் 'இஃலாமுல் முவக்கியீன்' நூலின் பெரும்பகுதியை அதன் விளக்கமாகவே அமைத்தார். ஆனால் ஒன்றை நோக்க வேண்டும். அம்மடல் ஒருவரை காழியாக்கவில்லை. ஏற்கெனவே பொறுப்பில் அமர்த்தப்பட்டவர்க்கு அது வழிகாட்டியது. அறிவு கடிதத்தில் போகும். பொறுப்பு நியமனத்தால்தான் வரும்.

இக்கோடு எங்கே கிழிக்கப்பட வேண்டும் என்பதில் உலக நாடுகள் ஒன்றுபடவில்லை. நம் மாணவரின் கோப்பைச் சரியாகப் புரிந்துகொள்ள அதையும் அறிதல் வேண்டும். ஓரிடத்தில் செல்லாத பட்டம் பிறிதோரிடத்தில் செல்லும்.

இலண்டன் பல்கலைக்கழகம் 1858-இல் பெற்ற சாசனத்தால், எந்தக் கல்லூரியிலும் சேராதவரும் தேர்வெழுதிப் பட்டம் பெறலாம் என்னும் வழியைத் திறந்தது. அவ்வழியில் சட்டம் பயின்றோர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஏராளம். இன்றும் அப்பட்டம் தொலைவழியில் வழங்கப்படுகிறது. இங்கிலாந்தில் சொலிசிட்டர் ஆவதற்கு 2021 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஏற்பாட்டில், பட்டத்தை எவ்வாறு படித்தீர் என்பதைக் காட்டிலும் மையப்படுத்தப்பட்ட இரு தேர்வுகளில் தேறினீரா, ஈராண்டுகள் சட்டப் பணி அனுபவம் பெற்றீரா என்பதையே பார்க்கின்றனர். அதாவது, படிக்கும்போது ஆஜராகாதவரை அவர்கள் பணியில் ஆஜராகச் செய்து சோதிக்கின்றனர்.

இலண்டனின் தொலைவழிச் சட்டப் படிப்பில் சேர்ந்தவர்களுள் நெல்சன் மண்டேலாவும் ஒருவர். சிறையிலிருந்தபடியே அதைப் பயின்றார், முடிக்க இயலவில்லை. பின்னர், அஞ்சல்வழிக் கல்விக்கென்றே பெயர்பெற்ற தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தில் 1989-இல் அப்பட்டத்தைப் பெற்றார். அப்போதும் அவர் கைதிதான். இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. அப்பட்டம் இல்லாமலே, வழக்குரைஞர் தேர்வில் தேறி, அலுவலகப் பயிற்சியும் முடித்து, 1952-இல் ஆலிவர் டாம்போவுடன் ஜோஹன்னஸ்பர்க்கில் சட்ட அலுவலகம் நடத்தியவர் அவர். முதலில் வக்காலத்து வந்தது. பட்டம் முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது. (ஆசிரியர் சிறைக்குழியில், மாணவர் விளிம்பில் என அமைந்த வகுப்பு நம் வரலாற்றிலும் உண்டு. இமாம் சரக்ஸீ (ரஹ்) உஸ்ஜந்தில் சிறையிருந்தபோது குழிக்குள்ளிருந்து நினைவிலிருந்தே சொல்லச் சொல்ல, மேலே அமர்ந்த மாணவர்கள் 'மப்ஸூத்'தை எழுதியதாக வரலாறு கூறுகிறது. தொலைவு என்பது எப்போதும் மைல் கணக்கில் இருப்பதில்லை.)

நமக்கு அண்மையில் உள்ள இலங்கையில் நிலைமை வேறு. 1980-இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் சட்டமாணிப் பட்டத்தைத் தொலைக்கல்வியாகவே நடத்துகிறது. அப்பட்டதாரிகள் இலங்கைச் சட்டக் கல்லூரியின் தேர்வுகளையும் செய்முறைப் பயிற்சியையும் முடித்துச் சட்டத்தரணியாகலாம். அங்குள்ள மௌலவி ஒருவர் வீட்டிலிருந்தே சட்டம் படிப்பதாகக் கூறினால் அது உண்மையான வழியே. அவ்வுதாரணத்தைக் கேட்டு இங்குள்ளவர் சேர்ந்தால்தான் ஏமாற்றம்.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனி விதி வைத்துள்ளது. கலிஃபோர்னியா நீண்ட காலமாகவே அஞ்சல்வழிச் சட்டக் கல்வியை ஏற்றுவருகிறது. 1998-இல் முழுவதும் இணையவழியில் நடக்கும் சட்டப் பள்ளி தோன்றியதும் அதன் விதிகளை நம்பியே. ஆண்டுக்கு 864 மணி நேரப் படிப்பு, நான்காண்டுகள் என்பது அவர்களின் கணக்கு. முதலாண்டு முடிவில் ஒப்பந்தம், தீங்கியல், குற்றவியல் ஆகிய மூன்றிலும் மாநிலமே ஒரு தேர்வு வைக்கிறது. அதில் தேறாதவர் மேலே தொடர முடியாது. இதில் ஓர் இரக்கம் இருப்பதாக நமக்குப் படுகிறது. தகுதியில்லாதவர் நான்காண்டுக் கட்டணத்தையும் இழப்பதற்கு முன் முதலாண்டிலேயே உண்மையை அறிந்துகொள்கிறார். மற்ற மாநிலங்கள் பெரும்பாலும் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் ஏற்புப் பெற்ற சட்டப் பள்ளிகளையே நோக்கின. அச்சங்கமும் மெல்ல இளகி, டெக்சாசில் உள்ள செயின்ட் மேரீஸ் பல்கலைக்கழகத்தில் முழுமையான இணையவழிச் சட்டப் படிப்பு 2022-இல் தொடங்க இசைந்தது.

இனி, இந்தியாவின் கண்டிப்பு நியாயந்தானா என்னும் கேள்விக்கு வருவோம். கண்டிப்புக்கு நியாயம் உண்டு. மத்ரஸாவில் ஓதியவர்க்கு இதை விளக்கவே தேவையில்லை. சபக் நடந்தபின் மாணவர்கள் கூடி அமர்ந்து தக்ரார் செய்கிறோமே, அங்கேதான் பாடம் நமக்குரியதாகிறது. ஒருவர் தவறாகச் சொல்ல மற்றவர் மடக்க, மூன்றாமவர் நூலைப் புரட்டுகிறார். மாதிரி நீதிமன்றமும் அதுவே. திரைமுன் தனியே அமர்ந்து படித்தவர், குறுக்கு விசாரணையில் சாட்சியின் முகம் மாறும் கணத்தைக் கவனிக்கக் கற்றிருக்க மாட்டார். மேலும், தொலைவழி என்று கதவைத் திறந்தால் பட்டத்தை விலைக்கு விற்போர் முதலில் நுழைவர் என்னும் அச்சமும் பொய்யன்று. நம் மாணவரின் கோப்பே அதற்குச் சாட்சி.

ஆயினும் இக்கண்டிப்பில் ஒரு முரண் உண்டு. 2020-இல் பெருந்தொற்று பரவியபோது சட்டக் கல்லூரிகள் மாதக் கணக்கில் இணையவழியே பாடம் நடத்தின. அம்மாணவர்கள் இன்று வழக்கறிஞர்களாக உள்ளனர். உச்சநீதிமன்றமே அவ்வாண்டு மார்ச்சு முதல் காணொளியில் வழக்குகளைக் கேட்டது. காணொளியில் வாதிட்டால் ஆஜர். காணொளியில் படித்தால் ஆஜர் இல்லை! மறுபுறம், நேரில் வருகை என்பது எல்லாக் கல்லூரிகளிலும் நேரில் வருகைதானா, பதிவேட்டில் மட்டும் வருகையா என்பதை வாசகர்கள் நம்மைவிட நன்கு அறிவர். விதியின் கடுமை உண்மையாக வேலைக்குச் சென்று பிழைப்பவரையும், கைக்குழந்தையோடு இருக்கும் தாயையும்தான் தடுக்கிறது, வசதியுள்ளவரைத் தடுப்பதில்லை. நூலறிவை எவ்வழியிலும் பெறவிட்டு, செய்முறைப் பயிற்சியையும் தேர்வையும் மட்டும் நேரில் கட்டாயமாக்குவதே நடுநிலையான வழி என்பது நம் கருத்து. அது கருத்து மட்டுமே. விதி மாறும்வரை விதியின்படிதான் மாணவர்க்கு வழிகாட்ட வேண்டும்.

அவ்வழிகாட்டலில் மிக இன்றியமையாத ஒன்றை இனிக் கூறுகிறோம். தொலைவழியில் சட்டம் படிக்க இயலாது. ஆனால் சட்டப் படிப்பின் வாசல் வரை தொலைவழியில் வரலாம். 2008-ஆம் ஆண்டு விதிகளின் 5-ஆம் விதி, மேல்நிலைக் கல்வியையோ முதல் பட்டத்தையோ தொலைநிலை, அஞ்சல்வழி முறையில் முடித்தவரும் சட்டப் படிப்பில் சேரத் தகுதியுடையவரே என்கிறது. உடனே அதன் விளக்கம் ஒரு தடையும் போடுகிறது. அடிப்படைக் கல்வி இல்லாமல், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் பெற்றவர் தகுதியுடையவர் அல்லர். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என ஒன்றன்பின் ஒன்றாக வரிசை பிசகாமல் இருக்க வேண்டும்.

நம் அரபிக் கல்லூரிகளை இது நேரடியாகத் தொடுகிறது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு வந்து, ஏழாண்டுகள் ஓதி, பின்னர் திறந்தநிலையில் நேரடியாக ஒரு பட்டம் பெற்ற ஆலிம்கள் பலர். அப்பட்டத்தைக் கொண்டு சட்டக் கல்லூரியில் சேர முடியாது. ஆலிம் சனது எவ்வளவு மதிப்புடையதாயினும் இவ்விதியின் முன் அது பன்னிரண்டாம் வகுப்புக்கு ஈடாகாது. ஆகவே ஓதும் காலத்திலேயே மாணவரைப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளை எழுதவைக்காத நிர்வாகம், பத்தாண்டுகள் கழித்து அவர் சட்டக் கல்லூரி வாசலில் திருப்பி அனுப்பப்படுவதற்கும் பொறுப்பாகிறது. இதை எழுதும் நாமும் அத்தகைய நிர்வாகங்களில் வாய்மூடி அமர்ந்திருந்தவர்தாம்.

ஆலிம்கள் சட்டம் படிப்பதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்போரும் உளர். ஒரு சிறு சான்று போதும். சட்டக் கல்லூரியில் முஸ்லிம் தனியார் சட்டப் பாடத்தில் மீராஸ் பகுதியை மாணவர்கள் அஞ்சுவார்கள். அங்கு 'ஷேரர்' எனப்படுவோர் நம் அஸ்ஹாபுல் ஃபராயிழ். 'ரெசிடுவரி' எனப்படுவோர் அஸபா. 'டிஸ்டன்ட் கின்ட்ரெட்' என்பது தவுல் அர்ஹாம். அப்பாடத்தின் வேர் 'சிராஜிய்யா'. அதை வில்லியம் ஜோன்ஸ் 1792-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவ்வழியில் வளர்ந்த சட்ட நூல்களுள் நீதிமன்றங்களில் இன்றளவும் எடுத்துக்காட்டப்படுவது, பார்சி சமயத்தவரான தின்ஷா ஃபர்துன்ஜி முல்லா எழுதியது. நம் மாணவர்கள் மூலத்திலேயே ஓதுவதை அவர்கள் மூன்றாம் கையில் படிக்கின்றனர். அஃவ்லும் ரத்தும் அறிந்த ஓர் ஆலிம், 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டத்தையும் 1939-ஆம் ஆண்டு திருமண முறிவுச் சட்டத்தையும் உரிமையியல் நடைமுறையையும் கற்று நீதிமன்றத்தில் நின்றால், பங்கு மறுக்கப்பட்ட ஒரு சகோதரிக்கு அவரைவிடச் சிறந்த வக்கீல் கிடைப்பது அரிது.

வக்கீலாக விரும்பாமல் சட்டத்தை அறிய மட்டும் விரும்புவோர்க்கு இணையவழி நல்ல வழியே. முதவல்லிகள், ஜமாஅத் தலைவர்கள், குடும்பப் பிணக்குகளைத் தீர்த்துவைப்போர் ஆகியோர் இதில் அடங்குவர். ஃபத்வாக்களுக்குச் சட்டப்படி கட்டாயப்படுத்தும் வலு இல்லை என்று உச்சநீதிமன்றம் 2014-இல் கூறியதையே அறியாமல் தீர்ப்புச் சொல்லும் ஜமாஅத்கள் உண்டு. மனித உரிமை, நுகர்வோர் பாதுகாப்பு போன்றவற்றில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சான்றிதழ்ப் படிப்புகளை நடத்தி வந்துள்ளது. உச்சநீதிமன்றத் தீர்ப்புகளை 2023 முதல் இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம், தமிழாக்கங்களும் வருகின்றன. சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களின் சட்டத் தன்னார்வலர் பணிக்குச் சட்டப் பட்டமே தேவையில்லை. ஆனால் நூல்களைப் பார்த்து எடுக்க வேண்டும்: 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. கொலைக்குத் தண்டனை கூறும் பிரிவு 302 அன்று, 103. நம் மாணவர் பணம் கட்டிப் பெற்ற பாடநூலில் இந்தியச் சட்டம் என்ற தலைப்பின் கீழ் இன்னும் 302 என்றே இருந்தது!

பதினைந்து நாள் கழித்து அவர் வந்தபோது இவற்றையெல்லாம் சொன்னோம். அவருடைய பழைய சான்றிதழ்களையும் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். பன்னிரண்டாம் வகுப்பைப் பள்ளியில் முறையாக முடித்த பின்னரே நம்மிடம் ஓத வந்தவர். ஓதும்போதே அஞ்சல்வழியில் வரலாற்றில் இளங்கலை முடித்து, 58 விழுக்காடு பெற்றிருந்தார். பொதுப் பிரிவினர்க்கே 45 இருந்தால் போதும். அதாவது மூன்றாண்டுகளுக்கு முன்பே அரசு சட்டக் கல்லூரியில் சேர அவர் தகுதி பெற்றிருந்தார். தமிழ்நாட்டில் அச்சேர்க்கை பட்டப் படிப்பின் மதிப்பெண்ணைக் கொண்டே நடக்கிறது. 2007 முதல் பிற்பட்ட வகுப்பு முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இடஒதுக்கீடும் உண்டு. அந்த மூன்றாண்டுகளில் அவர் இப்போது வழக்கறிஞராகியிருக்கலாம்.

இதைக் கேட்டு அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும் ஹஜ்ரத்" என்றார். "எங்களிடம் கேட்டிருந்தாலும் அன்று எங்களுக்குத் தெரியாது தம்பி" என்றோம்.

இவ்வாண்டு விண்ணப்பித்திருக்கிறார். பதிவுபெற்ற வழக்கறிஞர் முழுநேர ஊதியப் பணியில் இருக்கலாகாது என்பது பார் கவுன்சிலின் மற்றொரு விதி. ஆதலின் மூன்றாண்டுகளுக்குப் பின் இமாமத்தைப் பற்றியும் அவர் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கும். இப்போதைக்கு அவர் கவலை லுஹரும் அஸரும். கல்லூரி நாள்களில் அவ்விரு தொழுகைகளுக்கும் மாற்று இமாம் ஒருவரை அமர்த்திக்கொள்ள நிர்வாகத்திடம் இசைவு கேட்டுள்ளார்; மாற்று இமாமின் ஊதியத்தைத் தம் ஊதியத்திலேயே பிடித்துக்கொள்ளலாம் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்த கூட்டத்தில் பேசுவதாக நிர்வாகம் கூறியுள்ளது.